கட் ஆகாத மிஸ்டு கால்

நவம்பர் 14, வியாழன்.

இன்றைய தவறு என்னுடையது. அண்ணன் ரம்ஸியின் போன் மந்தமாக இருக்கிறதே என்று மத்தியானம் 'புதுப்பி' என்பதை அழுத்தச் சொன்னவள் நான்தான். முதலில் போனில் உள்ளதையெல்லாம் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நான் படிக்கும் போன் பழுதுபார்ப்பு மாலை வகுப்பில் மூன்று முறை எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்று முறையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். எடுக்கத்தான் இல்லை.

ஐந்தே காலுக்கு அண்ணன் வேலை செய்யும் திரைச்சீலைக் கடைக்குப் போனேன். புதுப்பித்த போன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாரையாவது அழைத்தால் திரை இருண்டுவிடும். எதிர்ப்பக்கம் போனை வைக்கும்வரை வெளிச்சம் வராது. நாமாக கட் பண்ண வழியில்லை.

மற்றவர்களுக்கு இது சின்னத் தொல்லை. ரம்ஸிக்கு வாழ்க்கைப் பிரச்சினை. ரீஹாமைப் பெண் கேட்டுப் போய் முப்பத்தெட்டு நாளாகிறது. அவள் அப்பா உஸ்தாத் ஃபிக்ரி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். யோசித்துச் சொல்கிறேன், அதுவரை என் மகளோடு போனில் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் பதில் 'இல்லை' என்றுவிட்டார். ரம்ஸி வாக்குக் கொடுத்தான். வாக்குத் தவறவும் இல்லை. தினமும் ஆறு மணிக்கு ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுப்பான். அங்கிருந்து ஒன்று திரும்பி வரும். அதோடு சரி.

இன்று கொடுத்தால் கட் ஆகாது. கொடுக்காவிட்டால் அவன் மனசு மாறிவிட்டதாக அவள் நினைப்பாள்.

"உன்னாலதானே வந்துச்சு, நீயே சரி பண்ணு" என்றான்.

காதை உணரும் சென்சாரைக் கண்ணாடி மறைக்கிறதோ என்று மேலே ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்தேன். அது இரண்டாக உடைந்தது. திரை இருண்டேதான் இருந்தது.

பக்கப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு நிற்கும்படி ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேடிப் போய், அதற்கு மேலிருந்ததைத் தொட்டுவிட்டேன். பார்வையற்றவர்களுக்காகத் திரையை உரக்கப் படிக்கும் வசதி அது. அதன்பின் போன் தொட்டதையெல்லாம் படித்தது. அணைக்கப் போன என் விரல் பெயர்ப் பட்டியலில் பட்டது.

"மெக்கானிக் அஷ்ரஃப். சிவப்பு இதயம். சிவப்பு இதயம். சிவப்பு இதயம்" என்றது போன், கடை முழுக்கக் கேட்கும்படி.

கடைப் பையன்கள் கேலி செய்வார்களே என்று ரீஹாமின் எண்ணை அண்ணன் அந்தப் பெயரில் வைத்திருந்தான். வெல்வெட் வாங்க வந்திருந்த ஹஜ்ஜா இஃதிதால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"நல்ல மெக்கானிக் போலிருக்கே, மகனே. என் வாஷிங் மெஷினையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லேன்."

ரம்ஸி போனைப் பிடுங்கினான். அந்த வசதியில் இரண்டு முறை தட்டினால்தான் எதுவும் வேலை செய்யும். பதற்றத்தில் அவன் சரியாக இரண்டு முறை தட்டினான். அழைப்பு போயிற்று, அதுவும் ஒலிபெருக்கியில். திரை இருண்டது. மணி ஐந்து ஐம்பத்தொன்பது.

போனையே அணைத்துவிடலாம் என்று பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். புதுப்பித்ததில் அந்தப் பொத்தானின் வேலையும் மாறியிருந்தது.

"நான் எப்படி உதவட்டும்?" என்றாள் போனுக்குள் ஒருத்தி, மிக இனிமையாக.

அந்த நொடியில் அங்கே எடுத்துவிட்டார்கள். உஸ்தாத் ஃபிக்ரியின் குரல்.

"யாரும்மா அது?"

ரம்ஸி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். வேறு வழியில்லாமல் நான் பேசினேன்.

"மாமா, நான் ரம்ஸியோட தங்கச்சி நெர்மீன். முதல்ல பேசினது போன். அப்டேட் போட்டதுல கெட்டுப்போச்சு, கட் ஆக மாட்டேங்குது. தப்பு என்னோடது."

"அவன் எங்கே?"

"பக்கத்துலதான் நிக்கிறான். வாயைப் பொத்திக்கிட்டு. உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கானாம்."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"இப்பக்கூடப் பேசலையா? சரி. நாளைக்கு அஸர் தொழுததும் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. ஃபாத்திஹா ஓதி நிச்சயத்தை முடிச்சிடலாம்."

ஹஜ்ஜா இஃதிதால் குலவை போட்டதில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். முதலாளி வெல்வெட்டில் கால் மீட்டர் சும்மாவே சேர்த்து வெட்டினார். ரம்ஸி அழுதான். ஆனாலும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பில் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினான். நான் படித்தேன்.

"மாமா, இன்னிக்கும் வழக்கம்போல ரீஹாமை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லணுமாம்."

"ரீஹாமா? அவ போன் முப்பத்தெட்டு நாளா என் சட்டைப் பையில இருக்கு. தினம் மிஸ்டு கால் திருப்பிக் கொடுக்கிறது நான்தான். முதல் நாள் பையனைச் சோதிக்கத்தான் கொடுத்தேன். அப்புறம் பழகிப்போச்சு."

நாளைய வேலை: காலையில் ரம்ஸியின் போனுக்குப் பிரதி எடுத்துவிட்டு, சென்சாரை மறுபடி சோதிக்க வேண்டும்.