செருப்பைப் பார்த்து வாடிக்கை பிடித்தவர்

திண்டுக்கல்லில் உள்ள அத்தனை பேருடைய காலையும் பார்த்து, ஒருவருடைய முகத்தையும் பார்க்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எட்டாம் நம்பர் அண்ணன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ இருக்கத்தான் செய்யும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து கடைவீதியில் ஒரு செருப்புக் கடையில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் காலில் செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றியவர் அவர். அதனால் மனிதர்கள் எல்லாரும் அவருக்கு நம்பர்கள். "ஆறாம் நம்பர் அக்கா தண்ணி பிடிக்க வந்துருச்சு" என்பார். "பத்தாம் நம்பர் சாருக்கு இன்னிக்கு லீவு போல" என்பார். பதிலுக்குத் தெரு அவருடைய கால் அளவையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது.

ஒருமுறை திருப்பூரிலிருந்து வரும் தன் மச்சினனை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். எதிரிலேயே நின்று கையாட்டிய மச்சினனை மூன்று தடவை சுற்றிக்கொண்டு தேடிவிட்டு, ஆள் வரவில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மச்சினன் பின்னாலேயே ஆட்டோ பிடித்து வந்து இறங்கி, தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். அண்ணனுக்கோ ஆச்சரியம்.

"நீங்க ஷூ போட்டு வருவீகன்னு யாருக்கு மாப்ள தெரியும்? எப்பவும் ரப்பர் செருப்புல்ல போடுவீக!"

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் வேலை போய்விட்டது. முதலாளியின் மகன் செருப்புக் கடையை செல்போன் கடை ஆக்கிவிட்டார். செல்போன் வாங்க வருகிறவர்கள் யாரும் காலை நீட்டுவதில்லை. அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு அந்த மச்சினன் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியதும் அதற்காகத்தான். "பனியன் கம்பெனியில மடிச்சு அடுக்குற வேலை மச்சான். வீடு பாத்துட்டேன். அக்காவக் கூட்டிக்கிட்டு வந்துருங்க" என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே, "பனியனுக்குக் கால் கிடையாதே மாப்ள" என்றார்.

அவருக்கு இந்த ஊரை விட மனமில்லை. அதுதான் விஷயம். யோசித்து யோசித்து, போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டார். கடை இல்லாமல், விற்கிறவரே நேராக வீட்டுக்குப் போய்ச் சமைத்துக் காட்டி விற்கும் ஒரு சூட்டுப்பெட்டி. அரிசியையும் தண்ணீரையும் அடுப்பில் ஒரு கொதி வரவைத்து, பாத்திரத்தோடு அந்தப் பெட்டிக்குள் இறக்கி மூடிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிடலாம். பெட்டிக்குள் இருக்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். பார்க்க ஒரு பெரிய தூக்குச்சட்டி மாதிரி இருக்கும்.

அவர் மனைவி சரோஜா மதினி கறாரான ஆள். "தீவாளி வரைக்கும் ஒங்க பெட்டிய வச்சு வெளையாடுங்க. அதுக்குள்ள நாலு பேர் வாங்குனா இங்க இருப்போம். இல்லைன்னா தீவாளி முடிஞ்ச மறுநாள் திருப்பூரு பஸ்ஸு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பாதிச் சாமான்களை மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கம்பெனிக்காரர்கள் போனில் ஒரு பாடம் அனுப்பியிருந்தார்கள். முதலில் தெரிந்தவர்களிடம் போக வேண்டும், போனதும் அவர்களிடம் உள்ள நல்லதைப் பாராட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பொருளை எடுக்க வேண்டும் என்று. தெரிந்தவர் என்றால் பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்றால் நாங்கள். காலையிலேயே பெட்டியோடு வந்து நின்றார். என் மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் தலையைக் குனிந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பாராட்டினார்.

"தங்கச்சி, ஒன் குதிகால்ல ஒரு வெடிப்புக்கூட இல்ல. எம்புட்டு நேர்த்தியா வச்சிருக்க!"

என் மனைவி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். அவர் பக்கத்து வீட்டு அண்ணன் என்பதால் பிழைத்தார். இதையே அடுத்த தெருவில் போய்ச் சொல்லியிருந்தால் மிச்சக் கதையை நான் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கேட்டிருப்பேன்.

இருந்தாலும் சமைத்துக் காட்டினார். ஒரு கொதி விட்டார், பாத்திரத்தைப் பெட்டிக்குள் இறக்கினார், மூடினார். இடையில் திறந்தால் சூடு போய்விடும். எங்கள் பிள்ளைகளோ, திறந்து பார்க்காவிட்டால் உயிர் போய்விடும் என்பதுபோல் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அண்ணன் பார்த்தார், பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். வேகும்வரை இறங்கவில்லை. சோறு பூப்போல இருந்தது. நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சோறு நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாள் அவள். "பெட்டி வாங்குனா, மேல உக்காருறதுக்கு நீங்களும் கூட வருவீகளா?"

நாங்கள் ஒன்று வாங்கிக்கொண்டோம். ஆனால் மதினி அதைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார். "அது பாவம்னு வாங்குனது. செல்லாது."

தெரிந்தவர்கள் தீர்ந்ததும் தெரியாதவர்களைத் தேட வேண்டி வந்தது. கம்பெனிப் பாடத்தை அண்ணன் மூட்டை கட்டிவிட்டு, சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே போகலாமா கூடாதா என்று முடிவு செய்வது.

"தம்பி, கதவத் தட்டிக் கேக்கவே வேணாம். வாசலே சொல்லிப்புடும். குதிகாலு தேஞ்ச பொம்பளச் செருப்பா? ஓடி ஓடி வேலை பாக்குறவுக, அடுப்படியில நிக்க நேரமில்ல. உள்ள போ. தச்சுத் தச்சுப் போட்ட செருப்பா? சிக்கனமானவுக. கேஸு மிச்சம்னு சொல்லு. பச்சப்பிள்ளச் செருப்பு கவுந்து கெடக்கா? பிள்ள இப்பத்தான் தூங்கிருக்கும். மணியடிச்ச, செத்த!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாசலில் ரப்பர் செருப்புகள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்து, பெரிய கூட்டுக்குடும்பம் என்று மகிழ்ச்சியோடு உள்ளே போனார். அது டியூஷன். வாத்தியாரம்மா வெளியே போயிருந்தார். அண்ணன் தயங்கவே இல்லை. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துச் சமைத்துக் காட்டினார். வாத்தியாரம்மா திரும்பி வந்தபோது வகுப்பு முழுக்கச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "நாளைக்கும் வாங்க தாத்தா" என்று பிள்ளைகள் கையாட்டி வழியனுப்பினார்கள். பெட்டி மட்டும் விற்கவில்லை. அவருக்கு அதைவிட 'தாத்தா' என்றதுதான் வருத்தம்.

இன்னொரு வாசலில் தேய்ந்த செருப்பை நம்பிப் போய் மணியடித்தால், கதவைத் திறந்தவரும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர் தரை துடைக்கும் மருந்து விற்க வந்தவர்! வீட்டுக்காரர்கள் கடைக்குப் போயிருக்க, இவரை உட்கார வைத்துப் போயிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் பொருளை ஒருவரிடம் விற்க ஒரு மணி நேரம் பேசினார்கள். அண்ணன் வீடு திரும்பும்போது கையில் தரை துடைக்கும் மருந்து இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்தார். அவருடைய மொபெட் மக்கர் செய்கிறதாம், என் வண்டியில் ரெட்டியார்சத்திரம் பக்கம் போய்வரலாமாம். முகம் வாடியிருந்தது.

"இன்னிக்கும் ஒண்ணும் ஆகலைன்னா அம்புட்டுத்தான் தம்பி. ஒங்க மதினி மூணாவது மூட்டையும் கட்டிட்டா."

பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்தில், தென்னந்தோப்பை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வாசல் நிறையச் செருப்பு. அண்ணன் குனிந்து பார்த்தார். கண் விரிந்தது.

"எல்லாம் புதுச் செருப்பு தம்பி! பட்டுச்சேலைக்குப் போடுற செருப்பு பாருங்க. ஏதோ மகளிர் குழுக் கூட்டம் நடக்குது. ஒரே சோத்துல இம்புட்டுப் பேரையும் பிடிச்சுப்புடலாம்."

நான் வாய் திறப்பதற்குள் பெட்டியோடு உள்ளே போய்விட்டார். "வாங்க, வாங்க" என்று இரண்டு மூன்று குரல்கள் வரவேற்றன. ஜமுக்காளத்தில் உட்கார வைத்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. நல்ல மகளிர் குழு என்று நானும் சாப்பிட்டேன். அப்புறம் தலை நிறையப் பூவோடு ஒரு பெண் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, பொண்ணு பாக்குற வீடுண்ணே!" என்று அவர் காதில் கிசுகிசுத்தேன்.

அவர் அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தார். "ஆமா தம்பி. மருதாணி வச்சிருக்கு" என்றார்.

பெண்ணின் அப்பா, நாங்கள் மாப்பிள்ளை வீட்டாருடன் வந்தவர்கள் என்று நினைத்திருந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன், முறுக்கு மீசைக்காரர், நாங்கள் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்திருந்தார். இப்போது அவர் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்க பொண்ணுக்கு ஒறவா?" என்றார். பெண்ணின் அப்பா திகைத்து, "மாப்பிள்ளைக்கு ஒறவு இல்லையா?" என்றார்.

"ரெண்டு பக்கமும் வேண்டியவன்தான்" என்றார் அண்ணன், தரையைப் பார்த்தபடி.

நல்ல வேளையாக, அந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வேறு பேச்சை எடுத்தார். பெண் திண்டுக்கல்லில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது, காலை ஏழு மணிக்கே பஸ் ஏற வேண்டும். "எங்க வீட்ல சோறாக்கி இறக்கி வச்சுட்டுத்தான் வாசப்படி தாண்டுறது. அதத்தான் யோசிக்கிறேன்" என்றார் அந்த அம்மா. பெண்ணின் அப்பா தோள் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார். பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. சம்பந்தம் அந்த இடத்தில் முறிந்துவிடும் போலிருந்தது. எல்லாரும் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சமைக்க நேரமில்லை என்ற பேச்சு காதில் விழுந்தால் அண்ணனால் சும்மா இருக்க முடியாது. எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"தாயி, அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். நான் பொண்ணு வீடும் இல்ல, மாப்பிள்ள வீடும் இல்ல. சோறாக்குற பெட்டி விக்கிறவன். வாசல்ல செருப்பு நல்லா இருந்துச்சு, அதான் உள்ள வந்தேன்."

மாமன் குதித்து எழுந்தார். "செருப்பு நல்லா இருந்துச்சா? ஏலே, செருப்பத் தூக்க வந்தவன்டா! கதவச் சாத்துங்கடா!"

இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள். நான் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினேன். அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக வாய் திறந்தது.

"அந்தப் பெட்டில எப்படிங்க சோறு வேகும்?"

அண்ணன் மாமனை மறந்துவிட்டு விளக்கினார். ஒரு கொதி போதும், மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம், தலை சீவலாம், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றார். அதுவரை சுவரில் மாட்டிய படம் மாதிரி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"இதுல நான்கூட ஆக்கலாம்ல?"

எல்லாரும் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பெண்ணின் அப்பா சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டு, "இவனுக்கு வெந்நீ வைக்கவே தெரியாது" என்றார். "பாத்துருவோம்மா" என்று மாப்பிள்ளை எழுந்து அடுப்படிக்கே போய்விட்டார். அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அரிசி கழுவி, கொதி வரவைத்து, பெட்டிக்குள் இறக்கினார். மாமன் மூடியைத் தூக்கிப் பார்க்க வந்தார். அண்ணன் சட்டென்று பெட்டி மேல் உட்கார்ந்தார்.

பெட்டியைச் சுற்றி இரண்டு வீட்டாரும் காத்திருந்தார்கள். சோறு வேகும்வரை செய்வதற்கு வேறு வேலை இல்லை. அதனால் பேசினார்கள். மழை, தக்காளி விலை, மாப்பிள்ளை சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, எல்லாம் வந்தது. பேச்சு எங்கெங்கோ போய், தை மாதத்தில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்பதில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தில் பெட்டியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மேலே உட்கார்ந்திருந்த அண்ணனும் மறந்துவிட்டார். திறந்தபோது சோறு கூழாகக் குழைந்திருந்தது. அந்தப் பெண் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, "நல்லாருக்கு" என்றது.

"பொய் சொல்ல ஆரம்பிச்சிருச்சு. அப்ப கல்யாணம் முடிஞ்ச மாதிரித்தான்!" என்றார் மாமன்.

மதினியின் கணக்கில் சேரும் முதல் பெட்டியை அந்த மாமன்தான் வாங்கினார். அவருடைய கடைசித் தங்கச்சி பிள்ளைக்கு அடுத்த மாதம் காதுகுத்தாம். தாய்மாமன் சீராகத் தட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும். "எல்லாவனும் குத்துவிளக்குத்தான் தூக்கிட்டு வாரான். நான் இதத் தூக்கிட்டுப் போறேன். சபையே திரும்பிப் பாக்கும்ல" என்றார். அங்கே இருந்த இன்னும் மூன்று பேருக்கும், தங்கள் வீட்டில் வரப்போகும் சீர்கள் ஞாபகம் வந்தன. ஆளுக்கொரு பெட்டி சொல்லிவிட்டார்கள். சீர் செய்ய வேண்டிய மாமன் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு. வாடிக்கை எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா மதினி நம்பவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, நாலு பேர் யார் யார் என்று இரண்டு தடவை சொல்ல வைத்தார். அப்புறம் கட்டிலுக்கு அடியில் குனிந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து அவிழ்த்தார். அண்ணன் ஓரமாக நின்று, கயிறுகளைச் சுருட்டிச் சுருட்டி என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் வாசலில் நிற்பார். "தம்பி, வண்டிய எடுங்க" என்பார். மொபெட் எப்போதோ சரியாகிவிட்டது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.