காற்றுக்கு ஒரு கம்பு, மரத்துக்கு ஒரு கம்பு

கணக்கு வாத்தியார் தூண்டில் கம்போடு கடைப் படியேறி வருவதை விற்பனையாளன் பார்த்தான். இது மூன்றாவது தடவை.

முள் மறைத்த பொம்மை ஈயைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுகிறவர்களுக்கான கடை அது. அவன் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஜென்மத்தில் ஒரு மீன் பிடித்தவனில்லை. கேட்லாக்கை மட்டும் தலைகீழாக மனப்பாடம் செய்திருந்தான். மாமனார் யார் யார் காலிலோ விழுந்து வாங்கிக் கொடுத்த வேலை. இதுவும் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் கொடுத்த ஒன்பதடிக் கம்பு ஓடைக்கரை மரங்களில் சிக்கியது. மாற்றிக் கொடுத்த ஏழடிக் கம்பை வாத்தியார் ஏரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

"ஒண்ணும் மாட்டலை தம்பி. மீன் கிட்ட வந்து பாக்குது. பாத்துட்டுப் போயிடுது."

"காத்து எப்படி சார்?"

"எதிர்க்காத்து. நூல் திரும்பி வந்து என் கன்னத்துலயே அடிக்குது."

"ஐயோ, காயம் ஆச்சா?"

"சேச்சே. ஒரு கீறல்கூட இல்ல."

அவன் கேட்லாக்கின் நாற்பத்திரண்டாம் பக்கத்தை மனசுக்குள் புரட்டினான். எதிர்க்காற்றுக்கு விறைப்பான கம்பு. அகலமான தண்ணீருக்கு நீளமான கம்பு. வம்பே வேண்டாமென்று இரண்டும் சேர்ந்த பத்தரை அடிக் கம்பை எடுத்து நீட்டினான். கனம் உலக்கை மாதிரி இருந்தது.

"இதுக்கு அடங்காத மீனே கிடையாது சார்."

வாத்தியார் போனதும் முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏம்பா, ஒரே ஆளு மூணு தடவை வந்தா குத்தம் மீன்மேலயா, உன்மேலயா? இன்னொரு தடவை அந்தக் கம்பு இந்தப் படியேறினா, நீ இறங்கிப் போயிடு."

சனிக்கிழமை அந்தக் கம்பு படியேறியது. தூக்கிவந்தது ஒரு அம்மாள்.

"நான் வாத்தியார் வீட்டுக்காரி. இதை வீசி வீசி அவருக்குத் தோள்பட்டை பிசகிருச்சு. கட்டுப் போட்டுப் படுத்திருக்கார்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விற்பனையாளன் மேசைக்கடியிலிருந்து தன் சாப்பாட்டுப் பையை எடுத்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பொம்மை ஈக்கள் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கம்மா. மரம் கேட்டேன், காத்து கேட்டேன், தண்ணி அகலம்கூடக் கேட்டேன். இனிமே எந்தக் கம்பைக் குடுக்கறதுன்னு சத்தியமா எனக்குத் தெரியல."

"கம்பையெல்லாம் அவர் ஒரு குறையும் சொல்லல தம்பி. ஒரே ஒரு சந்தேகம், கேட்டுட்டு வரச் சொன்னார். நூல் நுனியில ஏதாவது கட்டணுமா?"