மூன்றாம் பக்கப் படத்தில் இருப்பது ரோலண்ட் அல்ல, நான்

பாயிண்ட் க்ளேர், லூசியானா
அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய 'கழிமுகம்' வார இதழ் ஆசிரியர் திரு. அனதோல் ஃப்ரூஜே அவர்களுக்கு,

பாலத்தடித் தெரு எர்னஸ்டின் லெடே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் கணவர் டட்லியும் கடவுள் புண்ணியத்தில் நலம். முப்பத்தோரு வருடமாக நான் தங்கள் பத்திரிகையின் சந்தாதாரர். இறால் சோற்றுக்கு ஒரு சிட்டிகை உப்பு என்பதற்குப் பதிலாக ஒரு கோப்பை உப்பு என்று தாங்கள் அச்சிட்ட வாரத்தில்கூட நான் கடிதம் எழுதவில்லை. வீட்டோடு தண்ணீர் குடித்துக்கொண்டு பொறுத்துப்போனோம்.

ஆனால் நேற்று வந்த இதழைப் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் பக்கத்தில் பெரிய படம். கீழே, 'தீயணைப்பு நிலைய மீன்பிடிப் போட்டியில் ஐந்தாம் முறையாக வென்ற ரோலண்ட் லெடே' என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, அந்தப் படத்தில் இருப்பது நான். மூக்குக்குக் கீழே தெரிவது மீசை அல்ல, சேறு. ரோலண்ட் என் கணவரின் தம்பி. அவன் இவன் என்று எழுதுவதால் தவறாக எண்ண வேண்டாம். நான் மணமாகி வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது. என் காலடியில் இருந்த பெட்டியில் 'ரோலண்ட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் தங்கள் நிருபர் பெயரைக் குறித்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்தப் பெட்டி எப்படி என்னிடம் வந்தது என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். நடந்தது நடந்தபடி, ஒன்று விடாமல் எழுதுகிறேன், அப்போதுதான் யாரும் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டார்கள்.

இருபத்தாறு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் நான். ஓய்வு பெறும் நாளில் நல்ல குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கித் தருவார்கள் என்று வருடம் முழுக்க ஜாடையாகச் சொல்லிவைத்திருந்தேன். உடன் வேலை செய்தவர்கள் கூடிப் பேசி, பேருந்து நிறத்திலேயே ஒரு மஞ்சள் கயாக், அதாவது ஒரே ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு, வாங்கிக் கொண்டுவந்து வாசலில் போட்டார்கள். டட்லி அதை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எதை நடப்போற, தக்காளியா?" என்று கேட்டார். மறுநாளே படித்துறையில் இறக்கினேன். நான் ஏறினேன்; அது இறங்கிக்கொண்டது. முதல் வாரத்தில் ஆறு முறை விழுந்தேன், அதில் நாலு முறை எதிர்வீட்டுக்காரர் காபியோடு வந்து நின்று பார்த்தார். இரண்டாம் மாதம் விழுவது நின்றது. மூன்றாம் மாதம் முதல் புள்ளிமீன் கிடைத்தது. அதன்பிறகு நான் குளிர்பதனப் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

ரோலண்டிடம் இருநூற்றைம்பது குதிரைச் சக்தி இயந்திரம் வைத்த படகு இருக்கிறது. அவன் புறப்பட்டால் எங்கள் வீட்டு அலமாரியில் கோப்பைகள் ஆடும். நாலு வருடமாகப் போட்டியில் அவனே ஜெயித்து, பரிசான, மரத்தில் செதுக்கிய கூழைக்கடாப் பறவையைத் தன் கூடத்தில் வைத்திருந்தான். போட்டிக்கு முந்தின ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட வந்தவன், என் தட்டில் இருந்த கடைசி நண்டையும் எடுத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணி, அது படகில்ல, வாழைப்பழத் தோலு. அதுல ஏறி நீங்க என்னை ஜெயிச்சீங்கன்னா, அந்த மரப் பறவைய நானே தூக்கிட்டு வந்து உங்க வாசல்ல ஆணி அடிச்சு மாட்டுறேன்."

டட்லி சிரித்தார். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் பக்கம் நிற்காமல் தம்பியோடு சேர்ந்து சிரித்தார். அன்றிரவு பாத்திரம் கழுவும்போதே போட்டிக்குப் பெயர் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. இரண்டு நாளாக வடகாற்று அடித்து, கழியில் இருந்த தண்ணீரில் பாதியைக் கடலுக்குத் தள்ளியிருந்தது. விதி தாங்கள் அறிந்ததே: ஒரு சிவப்பு மீன், ஒரு புள்ளிமீன், இரண்டின் எடையும் சேர்த்து, மூன்று மணிக்குள் தராசுக்கு வர வேண்டும். விடிந்ததும் நான் பழைய இறால் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால் இறங்கினேன். அங்கிருந்து இடது கை இரண்டாவது வாய்க்காலில் திரும்பி, கம்பி இல்லாமல் சாய்ந்து நிற்கும் மின்கம்பத்தைத் தாண்டினால், கோரைப்புல்லுக்கு நடுவே வட்டமாக ஒரு குட்டை இருக்கிறது. இயந்திரப் படகு அங்கே நுழையவே முடியாது; கயாக்குக்கு நாலு விரல் தண்ணீர் போதும். குட்டையின் வாயில் சிப்பித் திட்டு. வற்றும் நீர் அதன் மேல் வழிந்து ஓடும்போது இறால் உருண்டு வரும், புள்ளிமீன் வாயைத் திறந்துகொண்டு கீழே காத்திருக்கும். தூண்டில் தக்கையைத் தட்டித் தட்டி இழுத்தேன், மூன்றாம் வீச்சில் மூன்றேகால் பவுண்டுக்குக் குறையாத ஒன்று. புள்ளிமீனுக்கு வாய் காகிதம் மாதிரி, முரட்டுத்தனமாக இழுத்தால் கிழிந்துவிடும். பரீட்சை நாளில் பேருந்து ஓட்டுவதுபோல அலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தேன். அதைக் கயிற்றில் கோத்துவிட்டு நிமிர்ந்தபோது, மடியில் இருந்த ரொட்டி முழுவதையும் ஒரு கடற்காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தொப்பியைக் காற்று கொண்டுபோனது. காபிக் குடுவை உருண்டு விழுந்தது. கைவலையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது.

பதினோரு மணிக்குக் குட்டையின் கோடியில் ஒரு வால் தெரிந்தது. வாலடியில் கறுப்புப் பொட்டு. தலையைச் சேற்றில் நுழைத்து நண்டு தேடிக்கொண்டிருந்தது. ரப்பர் இறாலை அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் போட்டேன். அடுத்த கணம் தூண்டில் ரீல் அலறியது. ஐயா, அதன்பிறகு துடுப்புக்கு வேலையே இல்லை. அந்தச் சிவப்பு மீன் என்னைக் கயாக்கோடு சேர்த்துக் குட்டையை இரண்டு சுற்று இழுத்தது, வாய்க்கால் வழியாக வெளியே இழுத்தது, மின்கம்பத்தைச் சுற்றப் பார்த்தது, மனம் மாறி விரிகுடாவுக்குக் கூட்டிப்போனது. கோவில் தேர்போல நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். அப்படிப் போன வழியில்தான் ரோலண்டைப் பார்த்தேன்.

அவன் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் அவனை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இருநூற்றைம்பது குதிரைகளும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கூட வந்த இரண்டு நண்பர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அண்ணி, எங்க போறீங்க?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? மீனைக் கேளு."

"தூண்டில் நரம்ப விட்டுக் குடுங்க அண்ணி. ஐயோ, இழுக்காதீங்க. இல்ல, இழுங்க, இழுங்க. விடுங்க."

"ரோலண்டு, அறுபது பிள்ளைங்கள வாயத் தொறக்காம உக்கார வச்சவ நான். உன்னையும் வைக்கத் தெரியும்."

அவன் வாயை மூடினான். மீன் அந்த நேரம் பார்த்துக் கயாக்குக்கு அடியில் புகுந்தது. மஞ்சள் படகு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பளவு சேற்றில் நின்றேன். கோலை மட்டும் விடவில்லை. வலது செருப்பு இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. மீனும் நானும் கால் மணி நேரம் ஒருவரை ஒருவர் இழுத்தோம். கடைசியில் அது களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தபோது, வலை இல்லாத குறைக்கு அதன் மேலேயே விழுந்து, முகம் சேற்றில் புதைய, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன். இருபத்தாறரை அங்குலம். இன்னும் அரை அங்குலம் வளர்ந்திருந்தால் சட்டப்படி திருப்பி விட்டிருக்க வேண்டும்.

ரோலண்ட் படகிலிருந்து இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய என் பக்கம் நடந்து வந்தான். பிறகு மெதுவாக, "அண்ணி, தண்ணி திரும்பி வர சாயங்காலமாயிடும். என் மீனையும் தராசுக்குக் கொண்டு போறீங்களா?" என்றான். "உங்க மீனும் வெயில்ல காயுது. என் பெட்டியில ஐஸ் இருக்கு, ரெண்டையும் ஒண்ணா வச்சுக்கோங்க."

அடையாளத்துக்குத் தன் மீன்களின் வாலில் நீலக் கயிறு கட்டினான். பெட்டியைக் கயாக்கில் என் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கட்டினான். ஒன்றரை மணி நேரம் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டேன். வழியில் நீலக் கயிற்றை அவிழ்த்து என் மீனுக்குக் கட்டி மாற்றிவிட்டாலும் யாருக்கும் தெரியாது, அவனுடையது பெரிதாக இருந்தால் என்ன செய்வது என்ற நினைப்பு வந்தது உண்மை. அது வந்த வேகத்திலேயே அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன். இரண்டு ஐம்பத்திரண்டுக்குத் தராசு. ரோலண்ட்: ஒன்பது பவுண்டு பதினைந்து அவுன்ஸ். நான்: பத்து பவுண்டு ஏழு அவுன்ஸ். தீயணைப்பு வண்டியின் சங்கை ஊதினார்கள். டட்லி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, சேறோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு, "என் பொண்டாட்டி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அந்த நேரத்தில்தான் தங்கள் நிருபர் படம் எடுத்தார்.

ரோலண்ட் சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிறு காலை சுத்தியலோடு வந்து மரக் கூழைக்கடாவை எங்கள் வாசலில் மாட்டினான். ஆனால் நேற்றிலிருந்து தங்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் நின்று, "அச்சுல வந்ததுக்கு அப்பீலே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஆகவே வரும் இதழிலேயே, அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவில் திருத்தம் வெளியிட வேண்டும். இந்தக் கடிதத்தையும் ஓர் எழுத்துக் குறையாமல் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். தங்கள் அச்சு இயந்திரத்துக்கும், முக்கியமாக நிருபரின் கண்களுக்கும், தேவமாதா துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற,
எர்னஸ்டின் லெடே

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை டட்லிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கொட்டகை, வாய்க்கால், கம்பம், குட்டை. வழி நல்லா புரியுது. ஊர்ல எல்லாருக்கும் புரியும்" என்றார். ஆகையால் ஐயா, இந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தைக்கூட அச்சிட வேண்டாம். படத்தில் இருப்பது ரோலண்ட்தான். அது மீசைதான். எங்கே பிடித்தான் என்று யாராவது கேட்டால் பாலத்தடியில் என்று சொல்லிவிடுங்கள், அங்கே ஏற்கெனவே நாற்பது பேர் நிற்கிறார்கள். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடவும். தங்களிடம் கயாக் இல்லை என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து வாங்காதீர்கள்.