ஆணிக்கு ஒரு கேமரா

மாரிசெல்வம் காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். கல்பனா இறந்த பிறகு ஒரு டம்ளர்தான். பிறகு கதவைத் திறந்து, வாசற்படியோரம் குனிந்து பார்த்தான்.

இன்றைக்கு ஓர் ஆணி.

நேற்று ஒரு சோழி. முந்தாநாள் சுருண்ட செப்புக் கம்பி. அதற்கு முன்னால் கறுப்பு வளையல் துண்டு. எதிரே பழைய இரும்புக் கடை. காக்கா தூக்கிவந்து போடுகிறது என்று நினைத்துக்கொண்டான். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். மனசு லேசாகும். இந்த ஒரு வருஷத்தில் வேறு எதற்கும் அப்படி ஆனதில்லை.

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா வெள்ளத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லா வருதுக்கா."

"கெட்ட கனவு எதுவும்?"

"இல்லக்கா."

"ம்" என்று உள்ளே போய்விட்டாள்.

அக்காவுக்குத்தான் எவ்வளவு அக்கறை! அதே அக்கறையோடு, மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவும் சொல்லியிருந்தாள். பட்டாளத்திலிருந்து மகன் வருகிறானாம். மாரிசெல்வத்துக்குப் போக மனசில்லை. சமையலறைச் சுவருக்கு மஞ்சள் அடித்தது கல்பனா. வேறு எந்த வீட்டிலும் அவள் இருந்ததில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கல்பனாவின் தம்பி பாண்டிச்செல்வம் வேன் பேசி வைத்திருந்தான். பொறுக்கிய சாமான்கள் இருந்த டப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அத்தான், இந்தக் குப்பைய வண்டியில ஏத்த மாட்டேன். வேணும்னா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. போனில் எடுத்தான். ஆணி மங்கலாகவும், ஆணிக்குப் பின்னால் இருந்த தரை துல்லியமாகவும் விழுந்தது.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். மடவார் வளாகம் பக்கம் வைகுண்டராஜ் ஸ்டுடியோவில் பழைய கேமரா விற்பார்.

"என்ன விசேஷத்துக்கு சார்?"

"விசேஷமில்ல. ஆணிக்கு."

வைகுண்டராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எம்புட்டுப் பெரிய ஆணி?"

மாரிசெல்வம் விரலை நீட்டிக் காட்டினான்.

"பட்ஜெட்டு?"

அதையும் அதே விரலில் காட்டினான்.

நீள மூக்குள்ள ஒரு கேமராவை எடுத்து வைத்தார் வைகுண்டராஜ். "மலையில ஓடுற சாம்பல் அணிலோட மீசை தெரியும் சார். ஆணி தெரியாதா?"

தெரியவில்லை. கிட்டே போனால் அந்தக் கேமரா எதையும் பார்க்க மறுத்தது. பின்னால் நகர்ந்தான். வாசல் வந்தது. தெரு வந்தது. இரும்புக் கடைச் சுவரில் முதுகு இடித்தபோது ஆணி துல்லியமானது, கடுகளவில்.

மறுநாள் திருப்பிக் கொண்டுபோனான்.

"அப்ப இதுதான்" என்று சோப்பு டப்பா போல ஒன்றை நீட்டினார் வைகுண்டராஜ். "ரொம்பப் பழசு. விலையும் கம்மி. இந்தப் பூப் படத்த அமுக்குங்க. எறும்பு பல் வெளக்குறது தெரியும்."

வீட்டுக்கு வந்து பூவை அமுக்கினான். ஆணி தெரிந்தது. கை ஆடியதில் இரண்டாகத் தெரிந்தது. கேமராவை அரிசி டப்பாமேல் வைத்தான். இருட்டாக விழுந்தது. மேசை விளக்கைப் போட்டான். ஆணியைவிட அதன் நிழல் பெரிதாக இருந்தது. அவன் கணக்கு எழுதும் பேண்டேஜ் கம்பெனியில் மிச்சம் விழுந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து, நாற்காலியின்மேல் கூடாரம் போலப் போர்த்தினான். நிழல் போயிற்று. துணி விளக்கில் பட்டுப் புகைந்தது. தண்ணீர் தெளித்து அணைத்தான். புகையும் நல்லதாகப் போயிற்று, வெளிச்சம் இன்னும் மெத்தென்று ஆனது.

ஆணிதான் நிற்கவில்லை. நிறுத்த நிறுத்த உருண்டது. சமையலறையில் தேடினான். உருளைக்கிழங்கு தீர்ந்திருந்தது. எலுமிச்சம்பழம் இருந்தது. ஆணியை அதில் குத்தினான். நின்றது. மிச்சச் சாமான்களைச் சுற்றிலும் வட்டமாக அடுக்கினான்.

காற்றுக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேமராவை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான்.

"கிட்ட வா... இன்னும் கிட்ட... ஆடாத. அங்கேயே நில்லு."

ஜன்னலுக்கு வெளியே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. படத்தைப் பார்த்தான். ஆணியின் துரு செம்மண் காடு போல விரிந்து கிடந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் காலையில் எழுந்து, காபி குடித்து, கதவைத் திறந்தான். வாசற்படியில் ஒன்றும் இல்லை. படி தாண்டி வெள்ளத்தாய் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"தம்பி, நீங்க வீட்டக் காலி பண்ண வேண்டாம்."

"மகன் வாராருன்னு சொன்னீங்க?"

"அவன் வேற வீடு பாத்துக்கிடுவான். நீங்க எம்புட்டு வருஷம் வேணும்னாலும் இருங்க."

மாரிசெல்வம் திரும்பி மஞ்சள் சுவரை ஒருதரம் பார்த்துக்கொண்டான்.

"என்னக்கா திடீர்னு?"

"விடியக்காலையில மோட்டார் புகைஞ்சுட்டு. எனக்குக் கழுத்து திரும்பல. போதும் தம்பி."

"உள்ள வாங்கக்கா, காபி குடிச்சுட்டு..."

"ஐயையோ, வேண்டாம்!" வெள்ளத்தாய் பின்னால் நகர்ந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "கோடாங்கிகிட்ட மந்திரிச்சு வாங்கியாந்து தெனமும் நான் உங்க வாசல்ல போட்டதுல ஒண்ணுகூடப் பலிக்கல; நீங்க ஒத்த எலுமிச்சம்பழத்துல அம்புட்டையும் எனக்கே திருப்பி விட்டுட்டீங்களே, இத எந்தக் காலேஜுல தம்பி படிச்சீங்க?"