பிரேக்குக்குக் காற்று

மார்ச் 14, வியாழன். இன்று ஒரு சிறிய தவறு. மாமா காரின் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸின் நீளத்தை அளந்தபோது முன்சக்கரங்கள் நேராக இருந்தன. திருப்பி வைத்து அளக்கவில்லை.

நோட்டில் இதை எழுதிவிட்டு, "சிறிய" என்ற சொல்லை அடித்தான். கொஞ்சம் யோசித்தான். மேலே மறுபடியும் "சிறிய" என்று எழுதினான்.

மாலை வகுப்பில் அவனுக்கு டபுள் செக் என்று பெயர். பகலில் லிஃப்ட் கம்பெனியில் குமாஸ்தா வேலை, மாலையில் மோட்டார் மெக்கானிக் படிப்பு. ஒரு நட்டை முடுக்கினால் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பான். பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு நாலாவது தடவை தொட்டுப் பார்க்கத் திரும்பி வருவான்.

வண்டி அவன் அக்கா கணவருடையது. மாமா பல் மருத்துவர். மாதம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருப்பவர், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தயத் தடத்துக்குப் போய்த் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிவிட்டு, பத்து வயது குறைந்தவராகத் திரும்புவார். போன மாதம் அங்கே ஐந்தாவது சுற்றில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. வண்டி வளைவில் திரும்பாமல் நேரே போய்ச் சரளைக் கல்லில் புதைந்தது. மாமாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அக்கா முடிவாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை பிரேக் காலை வாரினால் வண்டியை விற்றுவிட வேண்டும்.

மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் டபுள் செக் வாயைக் கொடுத்தான். பிரேக் அளவுக்கு மீறிச் சூடாகிறது, முன்னால் பம்பரில் மோதும் காற்றை ஒரு குழாய் வழியாகச் சக்கரத்துக்குள் சுழலும் பிரேக் தகடான டிஸ்க்கின் மேல் ஊதவிட்டால் ஆறிவிடும் என்று விளக்கினான். கடையில் விற்கும் செட் வந்துசேர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

"நானே செஞ்சுடறேன் மாமா" என்று வாய் சொல்லிவிட்டது. செய்துவிடுவாயா என்று மனசு உடனே கேட்டது. அதற்குள் மாமா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

காற்றை வாங்கும் வாய்க்கு இரண்டு பிளாஸ்டிக் புனல். டிஸ்க் பக்கம் சூடு தாங்குவதற்காக பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த தகர மூக்கு. நடுவில் ஹோஸ். எல்லாம் பொருத்தி ஸ்டியரிங்கைத் திருப்பியபோதுதான், திரும்பிய டயர் ஹோஸைக் காய் சீவுவதுபோலச் சீவியது.

வெள்ளிக்கிழமை அதைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் எட்டு சென்டிமீட்டர் குறைத்தான். இப்போது டயர் உரசவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் ஹோஸ் எட்டாமல் தகர மூக்கிலிருந்து கழன்று தொப்பென்று விழுந்தது. வெட்டின ஹோஸ் வளராது. கடைக்காரர் அந்த அளவு தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்றார். தடத்துக்குப் போவது அடுத்த வாரம் இல்லை, நாளை மறுநாள்.

சனிக்கிழமை காலையில் அக்கா வாக்குவம் கிளீனரைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு கார் ஷெட்டுக்கு வந்தாள்.

"இதோட தும்பிக்கை எங்கடா?"

அவன் காருக்கு அடியில் கையைக் காட்டினான். வளைவு வளைவாக, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதைவிட நல்ல ஹோஸ் ஊரிலேயே இல்லை.

"ரெண்டா வெட்டிட்டியா?"

"சமமாத்தான்க்கா வெட்டினேன். ரெண்டு தடவை அளந்தேன்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். அவள் கத்தியிருந்தால் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அமைதியாகச் சொன்னாள்.

"நாளைக்கு நானும் வரேன். பக்கத்து சீட்ல உட்காருவேன். பிரேக் பிடிக்கலைன்னா, அங்கேயே கேக்கறவங்க கையில சாவியைக் குடுத்துட்டு பஸ்ல வந்துடலாம்."

மாமாவின் முகம், பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று கேட்ட நோயாளியின் முகமாகியது. டபுள் செக் ஹோஸ் மாட்டிய இடங்களை மறுபடியும் தொட்டுப் பார்த்தான். இனிமேல் வண்டி மட்டுமல்ல, அதற்குள் அக்காவும் மாமாவும் சேர்ந்தே இருப்பார்கள்.

மதியம் தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். தகர மூக்கு டிஸ்க்கில் பட்டு எழுப்பிய கூச்சலில் வரிசையாக ஜன்னல்கள் திறந்தன. அதை வளைத்துவிட்டதும் கூச்சல் நின்று, கடகடவென்று ஆடியது. ஆடாமல் இருக்க பிளாஸ்டிக் பட்டையால் இழுத்துக் கட்டியதும் வண்டி இடது பக்கம் திரும்ப மறுத்தது. பட்டையை அறுத்து வேறு இடத்தில் கட்டினான். மாமா அவன் பக்கத்தில் படுத்து டார்ச் பிடித்தபடி, பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்சம் பெரிசாத் திற" என்றார்.

பொழுது சாயும்போது எதுவும் உரசவில்லை, கத்தவில்லை, விழவில்லை. நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று டிக் போட்டான்.

ஞாயிறு காலை அக்காவும் மாமாவும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மொத்தம் எட்டு சுற்று. வண்டி கிளம்பியதும் டபுள் செக் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றான். உள்ளங்கை வியர்த்தது. துடைக்கத் துணியைத் தேடினான். பெட்டியில் இல்லை. பையிலும் இல்லை.

அப்புறம்தான் அந்தத் துணிகள் எங்கே இருக்கின்றன என்று நினைவு வந்தது. நேற்று தகரத்தை அரத்தால் ராவும்போது தூள் குழாய்க்குள் போய்விடக் கூடாதே என்று, புனலுக்கு ஒன்றாக, நன்றாக உள்ளே தள்ளி அடைத்திருந்தான். மூன்று டிக் போட்ட நோட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

 கொடி காட்டி வண்டிகளை நிறுத்தும் கொடிக்காரரிடம் ஓடி, சிவப்பு வண்டியை நிறுத்தச் சொன்னான். அவர் எதற்கு என்று கேட்டார். காற்றுக் குழாயில் துணி இருக்கிறது என்றான்.

"எரியுதா?"

"இல்லை."

"வண்டி ஒழுங்காத்தானே போகுது?"

"இப்போதைக்கு."

"அப்ப நேரம் முடியட்டும் தம்பி."

ஐந்தாவது சுற்று. போன மாதம் பிரேக் கைவிட்ட அதே வளைவு. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எதுவும் கேட்கவில்லை. திறந்தபோது வண்டி வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆறு. ஏழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷ ஆயுசு குறைந்தது. எட்டாவது சுற்றை முடித்து, வண்டி சாதுவாக உள்ளே வந்து, அவன் காலடியில் அழகாக நின்றது.

மாமா இறங்கி அவனைக் கட்டிப்பிடித்தார்.

"மிதி கல்லு மாதிரி நின்னுச்சு மாப்ள. உன் காத்து ஜெயிச்சிடுச்சு."

டபுள் செக் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனான். போன மாதம் அனல் அடித்த இடத்தில் இன்று கையை வைத்திருக்க முடிந்தது. இரண்டு பேரும் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார்கள். அவன் தரையிலேயே உட்கார்ந்தான். அந்தப் பாராட்டு தனக்குரியதல்ல. புனல்களுக்குள் விரலை விட்டு, நாலாக மடித்த இரண்டு துணிகளையும் வெளியே எடுத்து நீட்டினான்.

"காத்தே போகலை மாமா. ரெண்டையும் அடைச்சு வச்சுட்டு மறந்துட்டேன்."

மாமா துணியைப் பார்த்தார், புனலைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். அப்படியானால் பிரேக் எப்படி ஆறியது என்று கேட்டார். டபுள் செக்குக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னான்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி முடியைக் கோதிக்கொண்டாள்.

"கிளம்பினதுமே பார்த்தேன். இவரோட வலது கால் ஆக்சிலேட்டர்ல இருக்கு, இடது கால் பிரேக் மேல லேசா அழுத்திக்கிட்டே உட்கார்ந்திருக்கு. முழங்காலைப் பிடிச்சு என் பக்கமா இழுத்து வச்சுக்கிட்டேன். எட்டு சுத்தும் விடலை. போன மாசமும் அந்தக் கால்தான் பிரேக்கைச் சூடாக்கியிருக்கும்."

மாமா தன் இடது காலை யாரோ விட்டுப்போன பொருளைப் போலப் பார்த்தார்.

"இது ஆட்டோமேட்டிக் வண்டி, இடது காலால மிதிக்க கிளட்ச்தான் இல்லையே. அப்ப அந்தக் காலை எங்கதான் வைக்கிறது?"

அக்கா வண்டியிலிருந்து சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள். டபுள் செக் நோட்டைத் திறந்தான்.

மார்ச் 17, ஞாயிறு. மாமா இடது காலை வைத்துக்கொள்ள ஒரு மரக்கட்டை பொருத்த வேண்டும்.