ரைட்டு அண்ணன் போட்ட பச்சைக் கோட்டு

மலாக்காவில் பஸ்ஸை வாயால் ஓட்டிய ஒரே மனிதர் ரைட்டு அண்ணன்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் காதர் நானா என்பது உண்மை. ஆனால் அவர் ஏதோ மரியாதைக்குப் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். காஜா பெராங்கிலிருந்து பண்டார் ஹிலிர் வரைக்கும் அந்த வண்டி கிளம்பியது, நின்றது, திரும்பியது எல்லாமே பின்வாசலில் தொங்கிய கண்டக்டர் ரைட்டு அண்ணனின் தொண்டையால்தான்.

அவருடைய சொந்தப் பெயர் கம்பெனி ஃபைலுக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் ரைட்டு. டாக்டர் ஊசியை உருவியதும் "ரைட்டு" என்பார். கோயிலில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் "ரைட்டு". தன் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்ட கையோடு இவர் "ரைட்டு!" என்று கத்த, மேளக்காரர்கள் வாசிப்பதா, எழுந்து போவதா என்று தெரியாமல் விழித்தார்களாம்.

நான் அப்போது அந்த பஸ் கம்பெனியில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. டயர், பல்பு, கிரீஸ் டப்பா, ஆட்களின் யூனிஃபார்ம் எல்லாம் என் பொறுப்பு. அதனால் இப்போது சொல்லப்போகும் கூத்தில் நானும் ஒரு குற்றவாளி.

சுதந்திரம் வரப்போகிற நேரம். ஊரில் சுவர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி, சீனத் தவுக்கே, ஒருநாள் ஷெட்டுக்கு வந்து சுற்றிலும் பார்த்தார். "நாடே புதுசாவுது. நம்ம ஆளுங்க மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் குடுத்த காக்கி அரைக்கால் சட்டையில நிக்கிறானுங்க" என்றார். அவருடைய மருமகன் ஒருவன் சிங்கப்பூரில் ஏதோ பெரிய ஓட்டலில் தங்கி, வாசலில் கதவு திறந்துவிடுகிற ஆளைப் பார்த்து மயங்கி வந்திருந்தான். அவன் ஒரு படம் வரைந்தான். தையற்காரர் அதை அப்படியே தைத்துவிட்டார்.

கரும்பச்சைக் கோட்டு. எட்டுப் பித்தளைப் பொத்தான். தோளில் மஞ்சள் குஞ்சம். கால்சட்டையின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. தலைக்கு முனை பளபளக்கிற தொப்பி. மலாக்கா வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நிற்கிறவன் பத்து நிமிஷத்தில் இடியாப்பம் மாதிரி வெந்துவிடுவான்.

ஆட்கள் வந்து வாங்கினார்கள், விரித்துப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "கிராணி, இதுகூட ஒரு கரடியும் குடுத்தீங்கன்னா சர்க்கஸ் வெச்சிரலாம் லா" என்றான் ஒருவன். ஒரே வாரத்தில் எல்லாருடைய குஞ்சமும் ஒரே மாதிரி "பஸ் கதவுல மாட்டி அறுந்துபோச்சு." தொப்பிகள் காற்றில் பறந்து ஆற்றில் விழுந்தன. அந்த வாரம் மலாக்காவில் இலைகூட அசையவில்லை என்பது வேறு விஷயம்.

ரைட்டு அண்ணன் மட்டும் கோட்டைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அவர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். டயர் குவியலுக்குப் பின்னால் போனார், உடுத்திக்கொண்டு வந்தார். "எப்படி இருக்கு தம்பி?"

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றேன், உதட்டைக் கடித்துக்கொண்டு. அவர் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் முன்னாலும் பின்னாலும் பார்த்து முடிப்பதற்குள் காதர் நானா மூன்று தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

முதல் ஸ்டாப்பிலேயே வேடிக்கை தொடங்கியது. சண்டைச் சேவலைக் கூடையில் மறைத்து எடுத்துவந்த ஆள், கோட்டைக் கண்டதும் யாரோ அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினான். சேவல் மட்டும் ஏறிக்கொண்டது. அடுத்த ஸ்டாப்பில் பீபிக் நின்றிருந்தாள். காஜா பெராங் செட்டிக் கம்பத்துக்காரி, தலையில் பலகாரக் கூடை, தமிழ் வம்சம் என்றாலும் வாயில் எப்போதும் மலாய். "அலாமாக்! இது கண்டக்டரா, ராஜாவா?" என்று அவள் போட்ட கூச்சலில் பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. துக்காங் எமாஸ் தெருவில் கோயிலை ஒட்டி ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் மாமா ஓடிவந்து பஸ்ஸை நிறுத்தி, "பேண்டு செட்டு ஏன் இவ்வளவு லேட்டு? மத்தவங்க எங்க?" என்று அதட்டினார். ரைட்டு அண்ணன் அசரவில்லை. "மத்தவங்க அடுத்த பஸ்ல வர்றாங்க. ரைட்டு!" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மனைவி லேசாகத் திறந்து தொப்பியையும் பொத்தானையும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "அவரு வேலைக்குப் போயிருக்காருங்க, அப்புறமா வாங்க" என்று சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

ஊர் சிரித்தது, ஷெட்டு சிரித்தது. மற்ற கண்டக்டர்கள் அவரோடு தேத்தண்ணி குடிப்பதையே நிறுத்தினார்கள். "நீ ஒருத்தன் போடறதாலதான் தவுக்கே எங்களையும் விடமாட்டேங்கறாரு" என்று அவர்களுக்குக் கோபம். எனக்கே பொறுக்காமல் ஒருநாள் கேட்டேன். "எதுக்குண்ணே இந்த வேர்வையும் வேதனையும்? நீங்களும் கழட்டிப் போட்ருங்களேன்."

அவர் கர்ச்சீப்பால் ஒவ்வொரு பொத்தானாகத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்கெல்லாம் நான் ரைட்டு. தெரியாதவனுக்கு நான் யாரு? 'ஓய்'. 'ஓய், நிப்பாட்டு.' 'ஓய், கதவைச் சாத்து.' இத்தன வருசமா அதுதான் தம்பி என் பேரு. முந்தாநாளு ஒரு வாத்தியாரம்மா ஏறுனாங்க. 'சார், இந்த பஸ் பண்டார் ஹிலிர் போகுமா?'ன்னாங்க. நான் எனக்குப் பின்னால திரும்பிப் பாத்தேன். யாருமே இல்ல."

அதற்கப்புறம் நான் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி பண்டார் ஹிலிர் திடலில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. நானும் அன்று அந்த பஸ்ஸில்தான் இருந்தேன். திடல் ஓரம் வண்டி கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ரைட்டு அண்ணன் இறங்கி, "விலகுங்க, விலகுங்க" என்று வழிபண்ணிக்கொண்டே முன்னால் போனார். கூட்டம் நிஜமாகவே விலகியது. மார்பில் ரிப்பன் குத்திய தொண்டர் ஒருவர் ஓடிவந்து குனிந்து, "சீலாக்கான், துவான்" என்று பெரிய மனிதரை அழைக்கிற மாதிரி மலாயில் வரவேற்றுக் கையைக் காட்டினார். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூச்சலில் யாருக்குக் கேட்கும்? அடுத்த நிமிஷம் முதல் வரிசையில், நடு நாற்காலியில், கையில் ஆரஞ்சுத் தண்ணியோடு உட்கார்ந்திருந்தார் எங்கள் கண்டக்டர்.

நாங்கள் பஸ்ஸுக்குள் வெந்துகொண்டிருந்தோம். பீபிக் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ராஜா ஜூஸ் குடிக்கிறாரு!" என்று அறிவித்தாள். வண்டியில் இருந்தவர்கள் பாதி பேர் திட்டினார்கள், பாதி பேர் கை தட்டினார்கள். கடைசியில் காதர் நானா பொறுமை இழந்து ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

அந்த ஹாரன் காதில் விழுந்ததும் ரைட்டு அண்ணன் தடாலென்று எழுந்தார். இவ்வளவு பெரிய மனிதர் எழுந்தால் காரணமில்லாமலா எழுவார்? பக்கத்தில் இருந்த தொப்பிகள் எழுந்தன. முதல் வரிசை எழுந்தது. இரண்டாவது, மூன்றாவது வரிசைகள் எழுந்தன. பிறகு திடல் முழுக்க எழுந்து நின்றது. மேடையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, தானும் விறைப்பாக நின்றார். அத்தனை ஜனமும் அமைதியாக இவர் முகத்தையே பார்த்தது. பாவம், மனிதருக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"ரைட்டு!" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அதற்குள் அவர் ஓடிவந்து படியில் தொற்றிக்கொண்டார், கூட்டம் தானாக வழிவிட, நாங்களும் கிளம்பிவிட்டோம்.

அந்தத் திடலில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் தவுக்கே.

மறுநாள் காலை ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. "எனக்கு மூணாவது வரிசை! என் கண்டக்டருக்கு முதல் வரிசை! அவன் எந்திரிச்சான்னு நானும் எந்திரிச்சேன்!" அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை. பச்சைக் கோட்டு அன்றோடு ஒழிந்தது, மறுபடியும் காக்கி. ஆட்கள் விசில் அடித்தார்கள். அடுத்த உத்தரவைக் கேட்டதும் விசில் நின்றது. ரைட்டு அண்ணனுக்கு வேலை இல்லை.

அவர் உடுப்பைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருந்தது. எட்டுப் பொத்தானும் இருந்தன. குஞ்சத்தில் ஒரு நூல் பிரியவில்லை. "சரியா இருக்கான்னு பாத்துக்க தம்பி" என்றார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை காஜா பெராங் பஸ் காலியாக வந்தது. புதுக் கண்டக்டர் முழித்துக்கொண்டு இறங்கினான். "ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க." பின்னாலேயே வெயிலில் நடந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் பீபிக், அதே பலகாரக் கூடையோடு. நேராகத் தவுக்கே மேசையில் கூடையை இறக்கிவைத்தாள்.

"அவரைப் பாத்து சிரிச்சது நாங்க. அது எங்களுக்கும் அவருக்கும் உள்ள விசயம். வேலைய விட்டுத் தூக்க நீ யாரு?"

"பஸ் என்னோடது, பீபிக்" என்றார் தவுக்கே, குரல் கொஞ்சம் இறங்கி.

"உன்னோடதுதான். நீயே ஏறி உக்காந்துக்க. நாங்க நடக்கிறோம்."

ஷெட்டு வாசலில் நின்ற கண்டக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேத்தண்ணி குடிக்க மறுத்தவர்கள்தான் முதலில் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். தவுக்கே கூடையிலிருந்து ஒரு பலகாரத்தை எடுத்தார், தின்றார், இன்னொன்றும் தின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவனுக்கு ஒரு காக்கி எடுத்து வை" என்றார்.

மத்தியானம் ரைட்டு அண்ணன் வந்து காக்கியை வாங்கிக்கொண்டு போனார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டவுனில் ஒரு வேலையும் கிடையாது. என் மனைவி கேட்டதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லிவிட்டு, காஜா பெராங்கில், காக்கியில் ரைட்டு அண்ணன் தொங்கிக்கொண்டுவந்த பஸ்ஸில் ஏறி, பண்டார் ஹிலிர் வரைக்கும் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். நன்றாக இருந்தது. இன்னொரு தடவையும் போய்வந்தேன்.