மரியாதையான சாயா

கேரளத்துப் பீர்மேட்டுப் பக்கம் எஸ்டேட் லயத்து வீட்டில் குடியிருக்கும் தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி தங்கதுரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாபெரும் முடிவு ஒன்றை எடுத்தார். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் மகள் நிமியின் படிப்பை இனி அவர் ஒருவரே சுமப்பார்.

படிப்பின் மேல் பாசம் இப்படித் திடீரென்று பொங்கியதற்குக் காரணம் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். சாயங்காலம் வீட்டில் ஒருவர் பிள்ளையோடு உட்கார வேண்டும், அதட்டக் கூடாது, அது செய்வதைக் கூடச் சேர்ந்து செய்ய வேண்டும். இதில் ‘உட்கார வேண்டும்’ என்பது மட்டும் தங்கதுரையின் காதில் தேனாக இறங்கியது. அவருடைய சாயங்காலங்கள் அதுவரை மீன் கழுவுவதிலும் விறகு பிளப்பதிலும் பாத்திரம் தேய்ப்பதிலும் கழிந்துகொண்டிருந்தன.

“பெர்சி, இன்னைலேருந்து ஸ்கூல் காரியம் பூரா எம் பொறுப்பு. அடுப்படி பூரா ஒம் பொறுப்பு. இதுல நீ தலையிடக் கூடாது. அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பதில்களை அடுக்கி வைத்திருந்தார். பெர்சி, “சரிங்க” என்றாள். அடுக்கியதெல்லாம் வீண்.

பிறகு ராஜ வாழ்க்கைதான். பாயில் குனிந்து நிமி மலையாளத்தில் ‘தற’, ‘பற’ என்று எழுதுவாள். தங்கதுரை சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி மேற்பார்வை பார்ப்பார். அவ்வப்போது குறட்டையும் மேற்பார்வை பார்க்கும்.

வியாழக்கிழமை டீச்சர் மலையாளத்தில் பேசி அனுப்பிய குரல் பதிவு ஒன்று போனில் வந்தது. தங்கதுரை முதல் வரியை மட்டும் கேட்டு நிறுத்தினார். மீதி வழக்கமான உபதேசமாம். நாளைக்குப் பிள்ளைகள் எல்லாரும் சாயம் கொண்டுவர வேண்டும், பள்ளிக்கூடத்தில் டீ விருந்து என்று அறிவித்தார்.

“சாயம்னா வர்ணம்லாங்க?” என்றாள் பெர்சி.

“ஏட்டி, தேயிலையிலயே புரளுறவன் நான். எனக்கே டீ சொல்லிக் குடுக்கியா? கடையில கேட்டா சாயா. பள்ளிக்கூடத்துல மரியாதையாக் கேட்டா சாயம்.”

பெர்சி போனை வாங்கிக் காதில் வைத்து, மீதியையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “ஸ்கூல் காரியம். அப்போ நீங்கதானங்க போடணும்?” என்று மட்டும் கேட்டாள்.

தன் வாயால் போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை விடியும்போது தங்கதுரை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்தது, வடிகட்டி கை நழுவியது, புகையில் கண் கரித்தது. ஒரு வகுப்புக்கே டீ போட்டு, ஃபிளாஸ்க்குகளில் நிரப்பி, கரிபிடித்த சட்டியையும் அவரே தேய்த்தார். பெர்சி ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் ஒரு டம்ளர் டீயோடு மகளிடம், “அப்பா என்னெல்லாம் செய்யாங்கன்னு நல்லாப் பாத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் ஃபிளாஸ்க்குகளை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு போய் வகுப்பு வாசலில் நின்றால், மேசைக்கு மேசை வர்ணப் பெட்டி. நிமியும் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். பெர்சி போட்டு அனுப்பியது. டீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். டீ நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

சாயங்காலம் தங்கதுரை வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டார். “வர்ணம்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னேன்லா. தலையிடக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தீங்க.”

அந்த நேரம் பார்த்து டீச்சரின் குரல் பதிவு மறுபடியும் வந்தது. இந்த முறை பெர்சி கடைசிவரை ஓட விட்டாள். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளை வரையச் சொன்னாராம். வியாழக்கிழமைச் செய்தியின் மீதி அதுதான். நிமியின் படத்தில் அம்மா ஸ்டூலில் டீ குடிக்கிறாள். அப்பா புகைக்கு நடுவில் சட்டி தேய்க்கிறார். இப்படி ஒரு அப்பாவை மற்ற அப்பாக்களும் பார்க்க வேண்டும், தினமும் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று டீச்சர் உருகியிருந்தார்.

பெர்சி தேங்காய் நாரை நீட்டினாள்.

“அடுப்படி ஒம் பொறுப்புன்னுதான பேசினோம்?” என்றார் தங்கதுரை, ஈனஸ்வரத்தில்.

“இது அடுப்படி இல்லங்க. டீச்சர் கேட்டிருக்காங்க. இது ஸ்கூல் காரியம்.”

நிமி போனைத் தூக்கிப் பிடித்தாள். “அப்பா, சிரிச்சுக்கிட்டே தேய்ங்க.”